கம்பி எங்கே போகிறது?

வண்டியில் சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம், அல்லது இரண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தியபோது 182ஏ(4) என்ற எண்ணில் வந்து சேர்ந்த பிரிவு இது. ‘ஒரு மாற்றத்துக்கு’ என்று சொல்லிவிட்டதால் எண்ணுகிற வேலை அதிகாரியின் கைக்குப் போய்விட்டது. அவர் ஒன்று என்றும் எழுதலாம், நாலு என்றும் எழுதலாம். நான் நடத்திய ஒரு வழக்கில் மூன்று என்று எழுதியிருந்தார்கள். எக்ஸாஸ்ட் குழாயில் துளைபோட்டு வெளிக்கருவி பொருத்தியது ஒன்று. டேஷ்போர்டில் அதற்கு மீட்டர் வைத்தது இன்னொன்று. சைலன்சரை மாற்றியது மூன்றாவது. ஆகமொத்தம் 15,000 ரூபாய்.

கார் 2009 மாடல் ஸ்விஃப்ட். 1298 சிசி பெட்ரோல் என்ஜின். ஆர்.சி. புத்தகத்தின் பதினைந்து வருடம் முடிந்ததால் 2024 கடைசியில் புதுப்பிக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே வாகன ஆய்வாளர் குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தபோது, கம்பெனி கொடுத்த ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பக்கத்தில் இன்னொரு சென்சார் முளைத்திருப்பது கண்ணில் பட்டுவிட்டது. புதுப்பிப்பு நின்றது, சலான் வந்தது.

என் கட்சிக்காரர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். உடும்பன்சோலை தாலுகாவில் குத்தகைக்கு ஏலத்தோட்டமும் உண்டு. பாலக்காட்டு எல்லையிலிருந்து இடுக்கி எல்லைக்குப் போக எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போவார்கள். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் சோதனைச்சாவடி, மறையூர், மூணாறு, பிறகு போடிமெட்டு ரோட்டில் பூப்பாறை. சின்னாரில் ஐந்நூறு மீட்டர்கூட இல்லாத உயரம் மூணாற்றில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரைத் தொடும். இந்த ஏற்றத்தில்தான் அவருக்குச் சந்தேகம் கிளம்பியிருக்கிறது. வெயில் நேரத்தில் மறையூர் தாண்டி மூன்றாவது கியரில் அழுத்தினால் என்ஜினுக்குள் கோலிக்குண்டு உருட்டுகிற சத்தம். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். ஒருவர் ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொன்னார், இன்னொருவர் பெட்ரோல் பங்கை மாற்றச் சொன்னார். மூன்றாமவர், “எத்தனால் கலக்கறாங்கல்ல, மிக்சர் லீனா ஓடுது” என்று சொல்லிவிட்டார், அதாவது காற்றோடு சேரும் பெட்ரோல் போதவில்லை என்று.

அதில் விஷயம் இல்லாமல் இல்லை. 2023-24 பருவத்தில் நாட்டின் பெட்ரோலில் சராசரியாக 14.6 விழுக்காடு எத்தனால் கலந்திருந்தது. அடுத்த வருடம் அது இருபதை நெருங்கியது. எத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜனை வைத்திருக்கும் எரிபொருள். அதனால் அது எரிய வெளிக்காற்று குறைவாகப் போதும். சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இருபது விழுக்காடு எத்தனால் கலந்ததற்குப் பதின்மூன்றரையே போதும். புதிய கார்களின் கம்ப்யூட்டர் இதைச் சமாளித்துக்கொள்ளும். பதினைந்து வயதுக் கார் எவ்வளவு தூரம் சமாளிக்கிறது என்பதை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளக்க, கம்பெனி சென்சார் உதவாது. கலவை கெட்டியா நீர்த்ததா என்று ஆமாம், இல்லை மட்டும் சொல்லும் சென்சார் அது. நடுக்கோடு சுமார் 0.45 வோல்ட், அதற்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம், கீழே போனால் குறைவு. எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்பதை அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்வது ‘வைட்பேண்ட்’ சென்சார். உள்ளே இருக்கும் செராமிக்கை எழுநூற்றைம்பது டிகிரிக்கு மேல் சூடாக்கிக்கொண்டு, எக்ஸாஸ்ட் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்பதை எண்ணாகவே காட்டும். என் கட்சிக்காரர் வாங்கியது பாஷ் எல்.எஸ்.யு. 4.9 வகை. கோயம்புத்தூரில் தெரிந்த ஒரு பட்டறையில் குழாயைக் கழற்றி, துளை போட்டு, பதினெட்டு மில்லிமீட்டர் மரையுள்ள ஸ்டீல் நட்டை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டி, அதில் சென்சாரை முடுக்கியிருக்கிறார்கள். அதே பட்டறையில் யாரோ ஆசை காட்ட, சைலன்சரையும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். வழக்கில் எனக்கு வந்த தலைவலியில் பாதி இந்தச் சைலன்சரால் வந்தது.

இந்த வகைக் குற்றத்தைச் சட்டத்தின் 200-ஆம் பிரிவின்படி அதிகாரியிடமே பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம். அதைத்தான் முதலில் சொன்னேன். அவருக்குப் பணம் ஒரு பொருட்டில்லை.

“பதினஞ்சாயிரத்தக் கட்டிருவேன் சார். கட்டிட்டா தப்புப் பண்ணுனதா ஆயிருமில்லீங்க? நாளைக்கு அந்த சென்சாரக் கழட்டச் சொல்லுவாங்க. இது அளக்கற மீட்டருங்க. வாயில தெர்மாமீட்டர் வச்சா காய்ச்சல் மாறிருமாங்களா?”

“சைலன்சர் எதை அளக்கிறது?” என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். “அது தப்புத்தானுங்க.”

அந்த இடத்திலேயே வழக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. சைலன்சருக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வது, மற்ற இரண்டையும் எதிர்த்து நிற்பது. எல்லாவற்றையும் மறுக்கும் ஆளைவிட, ஒன்றை ஒப்புக்கொண்டு இரண்டை மறுக்கும் ஆளை மாஜிஸ்திரேட் நின்று கேட்பார். இது வக்கீல் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் பாலக்காடு மாவட்டத்தில் வாகன மாற்றம் என்று வாயெடுத்தாலே கேட்பவரின் முகம் இறுகிவிடும் காலம் அது. 2022 அக்டோபர் 5-ஆம் தேதி இரவு வடக்கஞ்சேரி அருகே பள்ளிப் பிள்ளைகளோடு போன சுற்றுலாப் பேருந்து கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். சுற்றுலாப் பேருந்தின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைத்திருந்தது பிறகு தெரிய வந்தது. அதன் பிறகு உயர் நீதிமன்றமும் கண்டிப்புக் காட்டியது, போக்குவரத்துத் துறையும் வீதியில் இறங்கியது. ஆய்வாளர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கேரளத்தில் 2024-ல் ஒரு யூடியூபர் காருக்குள் தண்ணீர் நிரப்பி நீச்சல்குளமே கட்டியிருந்தார். நாளும் இப்படிப் பார்க்கிற கண்ணுக்கு, குழாயில் முளைத்த புதுச் சென்சாரும் அதே ஜாதியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. வடக்கஞ்சேரிப் பேருந்தில் கைவைத்தது வண்டியைக் கட்டுப்படுத்தும் கருவியில். இங்கே வைத்தது அளக்கும் கருவி. இந்த ஒரு வேறுபாட்டைத்தான் நான் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருந்தது.

சட்டப்படி எங்கள் பிடிமானம் 52-ஆம் பிரிவு. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. அதன் விளக்கக் குறிப்பு, வண்டியின் கட்டமைப்பில் செய்யும் மாற்றத்தால் அதன் அடிப்படை இயல்பு மாறினால் அதுவே ‘மாற்றம்’ என்று எல்லை கட்டுகிறது. ஆர்.சி.யில் இருப்பவை என்ன? வகை, தயாரித்த மாதம், சிலிண்டர் எண்ணிக்கை, சிசி, என்ஜின் எண், சேசிஸ் எண், எரிபொருள், இருக்கை, வெற்று எடை, நிறம். சென்சாரால் இவற்றில் எது மாறியது?

அரசுத் தரப்பு வக்கீலிடம் இதற்குத் தயாராக ஒரு அம்பு இருந்தது. மண்டலப் போக்குவரத்து அதிகாரி எதிர் கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9-ஆம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் வழங்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கேரளத்திலிருந்து போன வழக்கு. தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது, மாநில விதிகள் 52-ஆம் பிரிவுக்கு அடங்கியே நிற்க வேண்டும் என்று சொல்லி, கேரள உயர் நீதிமன்ற அமர்வின் தீர்ப்பைத் தள்ளிய தீர்ப்பு அது. “கம்பெனி குழாயில் இந்தத் துளை இல்லை. எனவே இது அசலுக்கு முரண். வேறு பேச்சே கிடையாது” என்றார் அவர். அந்த வழக்கில் பேச்சு வண்டியின் கட்டமைப்பு மாற்றங்களைப் பற்றியது, இங்கே கட்டமைப்பு அப்படியே இருக்கிறது என்பது என் பதில். பதில் சரிதான். ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மாஜிஸ்திரேட் முன்னால் வேறுபடுத்திக் காட்ட வெறும் வாதம் போதாது, கையில் சாட்சியம் வேண்டும்.

அதற்காக ஒரு பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் துறை ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். அளப்பதால் எதுவும் மாறாது என்ற என் நம்பிக்கையை அவர் ஒரே கேள்வியில் ஆட்டிவிட்டார்.

“வெல்டிங்கில் கசிவு இருக்கிறதா?”

“இருந்தால் என்ன?”

அவர் விளக்கினார். எக்ஸாஸ்ட் குழாயில் புகை சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது, ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் கசிவு கம்பெனி சென்சாருக்கு முன்னால் இருந்தால், அது உள்ளே வந்த ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் குறைவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். பிறகு கார்பன் மோனாக்சைடு ஏறும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறும். “அப்போது உங்கள் ஆள் அளக்க வைத்த துளையே என்ஜினை மாற்றிவிட்டது என்றாகும்” என்றார். எங்கள் சென்சார் கம்பெனி சென்சாருக்கு ஒரு சாண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. அரசுத் தரப்புக்கு இந்தக் கேள்வி தோன்றியிருந்தால் அவர்கள் கையில் இருந்த தீர்ப்பைவிட அது கூர்மையான ஆயுதம். தோன்றாது என்று நம்பி வழக்கு நடத்த முடியாது. நாமே எடுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

விசாரணையில் ஆய்வாளர் முதல் சாட்சி. நேர்மையான மனிதர், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அவருடைய அறிக்கையில் ‘கருவி பொருத்தி என்ஜினின் செயல்பாடு மாற்றப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி இருந்தது. குறுக்கு விசாரணையில் அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

“செயல்பாடு மாறியது என்று எதை வைத்து எழுதினீர்கள்?”

“ஆக்சிலரேட்டரை மிதித்தபோது அந்த மீட்டரில் எண் மாறியது.”

“மிதித்தால் ஆர்.பி.எம். முள்ளும் நகரும் அல்லவா?”

“நகரும்.”

“அந்த முள்ளா என்ஜினை ஓட்டுகிறது?”

“இல்லை.”

“இந்த மீட்டரிலிருந்து என்ஜின் கம்ப்யூட்டருக்குக் கம்பி ஏதாவது போகிறதா?”

சற்று யோசித்தார். “கம்பியைப் பின்தொடர்ந்து பார்க்கவில்லை.”

வழக்கின் முதுகெலும்பு அந்த ஒரு பதிலில் இருந்தது. அடுத்து எங்கள் சாட்சியாகப் பாலிடெக்னிக் ஆசிரியர். வாயால் விளக்குவதைவிடக் கண்ணால் காட்டுவது நல்லது என்பதால் காரையே நீதிமன்ற வளாகத்தில் நிறுத்தி, மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டிருந்தோம். அவர் வந்தார். டேஷ்போர்டின் கீழ்ப் பலகையைக் கழற்றி ஆசிரியர் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சென்சாரிலிருந்து ஐந்து கம்பிகள் மீட்டருக்கு. மீட்டரிலிருந்து சிவப்புக் கம்பி ஃபியூஸ் பெட்டிக்கு, கறுப்புக் கம்பி எர்த்துக்கு. பதிவுகளை லேப்டாப்பில் எடுக்க ஒரு ஒயர். கடைசியாக வெள்ளைக் கம்பி ஒன்று. மற்றொரு கம்ப்யூட்டருக்கு அளவை அனுப்ப வேண்டுமென்றால் அந்த ஒன்றின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அதன் முனை கத்தரிக்கப்பட்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, ஸ்டியரிங் தண்டோடு கட்டிக்கிடந்தது. எங்கேயும் போகவில்லை. மாஜிஸ்திரேட் குனிந்து அதை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

பிறகு கசிவுச் சோதனை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் பொத்தி உள்ளே அழுத்தத்தை ஏற்றி, வெல்டிங் வைத்த இடத்தில் சோப்பு நுரை பூசினார்கள். ஒரு குமிழும் கிளம்பவில்லை. துணியை ஓரமாக விட்ட இடத்தில் புகை சீறியதைப் பார்த்து அழுத்தம் இருப்பதை எல்லோரும் உறுதிசெய்துகொண்டார்கள். சென்சாரைக் குழாயின் மேல்பாதியில் சாய்வாக வைத்திருப்பதையும் ஆசிரியர் சுட்டிக்காட்டினார். கீழே வைத்தால் குழாயில் வடியும் தண்ணீர் பட்டு, சூடான செராமிக் வெடித்துவிடுமாம். பொருத்தியவருக்கு வேலை தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே போதுமான அடையாளம்.

அரசுத் தரப்பு வக்கீல் விடவில்லை. எத்தனால் விஷயத்தை அவர் எங்கோ படித்திருந்தார். “இன்றைய பெட்ரோலுக்குப் பதின்மூன்றரைதான் சரி என்கிறீர்கள். மீட்டர் 14.7 காட்டுகிறது. அப்படியானால் ஒன்று மீட்டர் பொய், இல்லையென்றால் என்ஜினில் கோளாறு” என்றார். நல்ல கேள்வி. சென்சார் எந்த எரிபொருளானாலும் சரியான கலவையை ‘ஒன்று’ என்றே அளக்கும், அதை 14.7 ஆல் பெருக்கித் திரையில் போடுவது மீட்டர் செய்பவர்களின் பழக்கம், எத்தனால் கலந்த பெட்ரோலிலும் சரியான கலவை அந்தத் திரையில் 14.7 என்றுதான் விழும் என்று ஆசிரியர் பொறுமையாகச் சொன்னார். மலை ஏறும்போது எடுத்த பதிவையும் தாக்கல் செய்தோம். மின்னணுப் பதிவு என்பதால் பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-இன்படி சான்றிதழ் இணைத்திருந்தேன். மிதமாக ஓட்டும்போதெல்லாம் எண் அந்த ஒன்றைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது. அப்படி ஆடவைத்தது கம்பெனி கம்ப்யூட்டர். கலவையின் கடிவாளம் இன்னும் அதன் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அந்தக் கோடே சாட்சி. புகைச் சான்றிதழிலும் கார்பன் மோனாக்சைடு, அந்தக் கால பி.எஸ். 3 காருக்குள்ள 0.5 விழுக்காடு வரம்புக்கு உள்ளேயே இருந்தது.

“வெள்ளைக் கம்பியை நாளைக்கே இணைத்துவிடலாமே?” என்பது அரசுத் தரப்பின் கடைசி வாதம். இணைத்தால் நாளைக்கே வழக்குப் போடட்டும் என்றேன். செய்யக்கூடியதற்கெல்லாம் தண்டனை என்றால் ஸ்பேனர் வைத்திருப்பவர் யாரும் தப்ப முடியாது.

தீர்ப்பு சில பக்கங்கள்தான். சைலன்சருக்கு 5,000 ரூபாய் அபராதம். சென்சார், மீட்டர் இரண்டிலும் விடுதலை. ஆர்.சி. விவரம் எதுவும் மாறவில்லை, கட்டமைப்பில் அடிப்படை இயல்பு மாறியதாக நிரூபிக்கவில்லை, கருவி என்ஜினோடு இணைக்கப்படவில்லை, கசிவும் இல்லை என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. அதோடு, எரிபொருள் கலவையை மாற்றும் கருவிகளைப் பற்றித் தாம் எதுவும் முடிவு செய்யவில்லை என்றும் மாஜிஸ்திரேட் தெளிவாக எழுதிவிட்டார். அபராதத்தைக் கட்டி, பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு போனபோது புதுப்பிப்பும் நடந்தது. நாக்கிங்குக்குக் காரணம் லீன் மிக்சர் இல்லை என்று அந்த மீட்டரே காட்டிக்கொடுத்ததும், கடைசியில் அது பதினைந்து வருடக் கரி என்று தெரிந்ததும் வேறு கதை.

இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து குமுளி வரை பல இளைஞர்கள் தீர்ப்பு நகல் கேட்டு வந்தார்கள். மாஜிஸ்திரேட் தீர்ப்பு இன்னொரு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதை முதலில் சொல்லிவிடுவேன். பிறகு, “உங்கள் கம்பி எங்கே போகிறது?” என்று கேட்பேன். பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டார்கள். அவர்கள் வண்டியில் அந்த வெள்ளைக் கம்பி, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பெட்டி வேண்டுமென்றால் ஆர்.சி. உள்ள வண்டியைத் தொடாதீர்கள், செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடவென்றே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள் என்பேன். அப்படிச் சொன்னதும் நகலை வாங்காமலே கிளம்பியவர்கள் உண்டு. வாங்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் அந்தக் கம்பியைக் கத்தரித்தார்கள் என்று நான் கேட்டதில்லை. கத்தரிக்காதவர்களுக்கு அந்த நகலால் ஒரு பயனும் இல்லை.